பாடப்புத்தகம் நிறுத்திய இடத்திலிருந்து

(ஏப்ரல் விடுமுறைக்கு முன்பாகப் பல்லேகலயில், ஆங்கில இலக்கியம் கற்கும் பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லீவில் பிள்ளைகள் என்ன வாசிக்கலாம் என்று பேசச் சொன்னார்கள். கொப்பியைத் திறந்து, பேனையை எடுத்து, தலைப்பும் எழுதி வைத்துவிட்ட அம்மாமார் சிலரைப் பார்க்கிறேன். பட்டியல் வரும் என்று காத்திருக்கிறீர்கள். நான் பட்டியல் கொண்டுவரவில்லை. பட்டியல் என்பது பெரியவர்களின் மனத்திருப்திக்காகத் தயாரிக்கப்படுவது. சமையலறைக் கதவில் ஒட்டுவோம். லீவு முடிந்ததும் கிழிப்போம். இடையில் பிள்ளை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பட்டியல் வழக்கம் வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே ஜூன் மாதம் பூட்டிய பாடசாலை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோதான் திறக்கும். அத்தனை வாரமும் பிள்ளை புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிடுமே என்ற கவலை அங்கே பழையது. 1890களிலேயே நூலகங்கள் கோடைகால வாசிப்புத் திட்டங்களைத் தொடங்கிவிட்டன. உயர்தரப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இத்தனை நாவல் என்று குறித்துக் கொடுத்து, திரும்பி வரும்போது கட்டுரை கேட்பார். 1978இல் பார்பரா ஹெயின்ஸ் என்ற சமூகவியலாளர் அட்லாண்டா நகரப் பிள்ளைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலை நடக்கும் மாதங்களை விடக் கோடை மாதங்களில்தான் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடைவெளி கூடுகிறது என்றார். அந்தப் பழைய கணக்குகளை அப்படியே நம்பலாமா என்று பவுல் வான் ஹிப்பல் போன்றவர்கள் அண்மைக் காலத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அந்த விவாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

ஆனால் இன்னோர் ஆய்வை நம் காதில் போட்டுக்கொள்வது நல்லது. ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் புளோரிடாவில் வறிய பகுதிப் பாடசாலைகளைத் தெரிவுசெய்து, மூன்று கோடைகளுக்கு, ஒவ்வொரு கோடைக்கும் பிள்ளைக்குப் 12 புத்தகம் வீதம் கொடுத்தார்கள். 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிப்புப் பரீட்சையில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விட முன்னே நின்றார்கள். அவர்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், உங்கள் வயதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதில் வேறொரு விஷயம். புத்தகங்களைப் பரப்பி வைத்து, எது வேண்டும் என்று பிள்ளைகளையே எடுக்கவிட்டார்கள். ஆசிரியர் தெரிவுசெய்யவில்லை, அம்மாவும் தெரிவுசெய்யவில்லை.

நமக்கு அப்படி நீண்ட கோடை லீவு கிடையாது. ஏப்ரலில் கொஞ்சம், ஆகஸ்டில் கொஞ்சம், டிசெம்பரில் கொஞ்சம் என்று மூன்று துண்டு. ஏப்ரல் துண்டில் புத்தாண்டும் விருந்தாளிகளும். ஆகஸ்டில் கண்டிக்காரருக்குப் பெரஹரா. உண்மையில் நீண்ட ஓய்வு என்று ஒன்று இருந்தால் அது சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு பெறுபேறு வரும்வரை உள்ள காலம். அந்தக் காலத்தையும் நாம் சும்மா விடுவதில்லை. கணினி வகுப்பு, ‘ஸ்போக்கன் இங்லிஷ்’ வகுப்பு, உயர்தரத்துக்கு முன்கூட்டியே டியூஷன். ஆங்கிலம் பேச வைப்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பும் அதே வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இந்தப் பாடத்தின் நிலைமையையும் கொஞ்சம் பார்ப்போம். சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயம் கட்டாயப் பாடமல்ல. சங்கீதம், சித்திரம், நடனம் ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் கிடக்கிறது. அதில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆகவே சித்திரம் வராத பிள்ளையும், பாட்டு வராத பிள்ளையும், பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும் தகப்பனின் பிள்ளையும் இங்கே வந்து சேர்வார்கள். உண்மையான ஆசையில் வருபவர்கள் ஒரு சிலர். அந்த ஒரு சிலரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மற்றவர்களிடம் பேசத்தான் வந்தேன்.

அவர்கள் கையில் இருப்பது, சில ஆண்டுகளாகப் பத்தாம் பதினோராம் தரப் பிள்ளைகள் படித்துவரும் தொகுப்பு. நாவலுக்கு மார்க் ட்வைன், ஆர்.கே. நாராயண், நம்முடைய திஸ்ஸ அபேசேகர. நாடகத்துக்குச் செக்கோவின் ‘கரடி’, ஜப்பானியரான கினோஷிதாவின் கொக்குப் பெண் நாடகம். உரைநடையில் சாகி, ஒஸ்கார் வைல்ட், குமார் சங்கக்கார, சொனாலி தெரணியகல. கவிதைகள் தனி. இதைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல தெரிவுதான். ஆனால் தொகுப்பு என்றால் அது வெட்டித்தான் தரும். முழு நூலிலிருந்து சில பக்கம், முழு உரையிலிருந்து ஒரு பகுதி, ஒரு கவிஞரின் நூறு கவிதையில் ஒன்று. வகுப்பில் அதைப் படித்து முடித்ததும் கடையில் ஷோர்ட் நோட்ஸ் வாங்குகிறோம். வெட்டியதை அது மறுபடி வெட்டும். மையக்கருத்து நான்கு, பாத்திரப் பண்பு ஆறு. கடைசியில் பரீட்சை மண்டபத்துக்குள் போவது அந்தப் பத்து வரி மட்டுந்தான்.

லீவில் பிள்ளை செய்ய வேண்டியது இதற்கு நேரெதிரான வேலை என்பது என் கட்சி. பாடப்புத்தகம் எந்த இடத்தில் நிறுத்தியதோ அந்த இடத்திலிருந்து மேலே போவது. புதுப் பட்டியல் வேண்டாம். தொகுப்பில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். அது எந்த முழுமையிலிருந்து வந்ததோ அதைத் தேடுங்கள். அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம்முடைய ஊர் உதாரணம். இந்த மண்டபத்தில் இருக்கும் பையன்களில் பாதிப்பேருக்குப் பல்லேகல என்றால் ஸ்டேடியம். கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார கண்டியில் வளர்ந்து, திரித்துவக் கல்லூரியில் படித்தவர். தொகுப்பில் அவர் பெயரில் இருக்கும் பாடம் லாகூர்த் தாக்குதல். 2009 மார்ச் 3ஆம் திகதி, டெஸ்ட் போட்டியின் மூன்றாம் நாள் ஆட்டத்துக்காகக் கடாபி ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கை அணியின் பஸ்ஸை ஆயுததாரிகள் சுட்டார்கள். அந்தப் பாடத்தின் வலிமை சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. சங்கக்கார சொல்கிறார்: வெடிச்சத்தம் கேட்பதற்குச் சற்று முன்புவரை பஸ்ஸுக்குள் வழக்கமான அலட்டல். ஆடுகளம் மட்டையாளருக்கே சாதகமாக இருக்கிறது என்று அலுத்துப்போன ஒரு வேகப்பந்து வீச்சாளர், ஒரு குண்டு வெடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பகிடி விடுகிறார். அரை நிமிடம் ஆவதற்குள் முதல் சத்தம் கேட்கிறது. கதை எழுதுகிறவர் எவராவது இப்படி ஒரு வசனத்தை அந்த இடத்தில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம். அந்த அணியில் இருந்த திலான் சமரவீர அந்தத் தொடரில் கராச்சியில் 231, லாகூரில் 214 என்று அடித்திருந்தார். அன்று காலை காலில் சூடு பட்டு விழுந்தார்.

இதை வகுப்பில் படித்தோம். துணிவு, தோழமை, விளையாட்டின் ஒற்றுமை என்று மையக்கருத்து எழுதினோம். இது எங்கிருந்து வெட்டப்பட்டது? 2011 ஜூலை 4ஆம் திகதி, லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. கிரிக்கெட் கழகம் நடத்தும் கவுட்ரி நினைவுச் சொற்பொழிவு. அதுவரை அந்த மேடையில் பேசியவர்களில் வயதில் இளையவரும், ஆடிக்கொண்டிருக்கும்போதே பேசியவரும் சங்கக்காரதான். முழு உரையும் எழுத்து வடிவில் இணையத்தில் கிடக்கிறது. காணொளியாகவும் பார்க்கலாம். ஒரு மணித்தியால வேலை.

அதை முழுமையாக வாசிக்கும் பிள்ளை லாகூருக்கு வருவதற்கு முன்னால் கண்டியைக் கடக்க வேண்டும். 1983 ஜூலை. சங்கக்காரவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. தமிழர்கள் தாக்கப்பட்ட அந்த நாட்களில் அவருடைய பெற்றோர் தமிழ் நண்பர்கள் பலரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறார்கள். வீடு நிறைய ஆட்கள். பாடசாலை பூட்டு. விளையாடக் கூட்டாளிகள் நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில். சின்னப் பையனுக்கு அது கொண்டாட்டமாக இருந்ததாம். அந்தக் கூட்டாளிகள் ஏன் தன் வீட்டில் இருந்தார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதை அவர் லோர்ட்ஸில், கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரர் முன்னிலையில் ஒளிக்காமல் சொல்கிறார். வெட்டிய துண்டில் இது கிடையாது. தலைப்பே லாகூர் என்று இருக்கும்போது கண்டி எப்படி வரும்?

இப்போது அதே தொகுப்பின் கவிதைப் பகுதிக்கு வாருங்கள். யஸ்மின் குணரத்னவின் ‘பிக் மேச் 1983’ அங்கே இருக்கிறது. அவர் பேராதனையில் ஆங்கிலம் கற்பித்தவர். 1972இல் அவுஸ்திரேலியா போய், அங்கே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு பணியாற்றி, 2024இல் காலமானார். கவிதையின் பொருள் அதே 1983 ஜூலை. பாடசாலைகளின் பிக் மேச் வெறியையும் கலவரத்தையும் அவர் ஒன்றோடொன்று மோதவிடுகிறார். கிரிக்கெட்காரரின் உரைநடைப் பாடம் ஒரு பக்கம், கிரிக்கெட் படிமத்தில் எழுதிய கவிதை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே புத்தகத்தில், ஒரே பிள்ளையின் பையில். ஆனால் வெட்டிய துண்டை மட்டும் படித்தவனுக்கு இந்த இரண்டு பாடமும் ஒன்றையொன்று தெரியாத அயலவர்கள். முழு உரையை வாசித்தவனுக்கோ, கவிதையில் பயந்து கிடக்கும் வீடும் சங்கக்காரவின் வீடும் ஒரே வாரத்தில் இருந்தவை என்று புரிந்துவிடும். எந்த ஷோர்ட் நோட்ஸிலும் இது இருக்காது. ஏனென்றால் நோட்ஸ் எழுதுகிறவர் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனிப் பக்கத்தில்தான் எழுதுகிறார்.

இன்னும் ஓரடி வைத்தால் ஜீன் அரசநாயகம் வருவார். அவரும் கண்டிக்காரர். 1931இல் இங்கே பிறந்த பறங்கியர். தமிழரைத் திருமணம் செய்தார். 83இல் குடும்பத்தோடு அகதிமுகாமில் தங்க நேர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து ‘அப்போகலிப்ஸ் 83’ என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. 2017ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு அவருக்கு எண்பதைத் தாண்டிய வயதில் கிடைத்தது. 2019இல் மறைந்தார். அந்தப் பரிசு, மைக்கேல் ஒண்டாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு தொடங்கியது. திஸ்ஸ அபேசேகரவும் அதே பரிசு பெற்றவர்தான். உங்கள் தொகுப்பில் உள்ள ‘பிரிங்கிங் டோனி ஹோம்’ கதைக்காகத்தான் பெற்றார். நாயைத் தேடிப் போகும் பையனின் கதை நீங்கள் படிக்கிறீர்கள். அதை எழுதியவர் சிங்களத் திரைப்பட உலகில் பெயர்பெற்ற வசனகர்த்தா என்பதும், ஆங்கிலத்தில் எழுதியது பிந்திய வயதில்தான் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

வீட்டில் 83ஐப் பற்றிப் பேசத் தயங்கும் பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். திகன பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு 2018 மார்ச் மாதக் கலவரமும் மறந்திருக்காது. பிள்ளைகளிடம் இதையெல்லாம் எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். கிளறியவன் நானல்ல, கல்வித் திணைக்களம். பாடப்புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளை வந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேட்டதற்காகத் திட்டாமலாவது இருங்கள்.

சரி, கனத்த விஷயத்திலிருந்து கொஞ்சம் இறங்குவோம். நாராயணின் ‘இனிப்பு வியாபாரி’. 1967இல் வந்த நாவல். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஜகன் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார், கதர் கட்டுகிறார், கடையில் உட்கார்ந்து கீதை வாசிக்கிறார், வரிக்காரர் கண்ணில் படாமல் ஒரு பகுதிப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கிறார். மகன் மாலி கல்லூரியை விட்டுவிட்டுக் கதை எழுதப் படிப்பதற்காக அமெரிக்கா போகிறான். திரும்பி வரும்போது கிரேஸ் என்ற பெண்ணோடும், கதை எழுதும் இயந்திரம் ஒன்றைத் தயாரிக்கும் திட்டத்தோடும் வருகிறான். நோட்ஸ் இதைத் தலைமுறை இடைவெளி என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் நாவலில் தகப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே அபூர்வம். இடையில் ஒரு தூரத்து உறவுக்காரர் தூது போய்க்கொண்டே இருக்கிறார். போகும்போது வரும்போது கடையில் இலவசமாக இனிப்பும் சாப்பிட்டுக்கொள்கிறார். லண்டனில் இருக்கும் வாசகனுக்கு இது வேடிக்கையான பாத்திரம். நம் வீட்டில்? அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடமும், அம்மா தயங்கினால் மாமாவிடமும் சொல்லி அனுப்பி வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். ஜகன் ஏன் மகனின் அறைக் கதவுக்கு வெளியே நின்று தயங்குகிறார் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதைப் படித்த பிள்ளை லீவில் எங்கே போகலாம்? பின்னோக்கிப் போகலாம். நாராயணின் முதல் நாவல், 1935இல் வந்த ‘சுவாமியும் நண்பர்களும்’. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி அலுத்துப்போன நாராயண், ஒக்ஸ்போர்டில் இருந்த நண்பரிடம் கையெழுத்துப் பிரதியைத் தேம்ஸ் ஆற்றில் மூழ்கடித்துவிடச் சொன்ன கதை பிரசித்தம். நண்பர் மூழ்கடிக்கவில்லை, கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படித்தான் மால்குடி உலகத்துக்குத் தெரியவந்தது.

அதில் லீவு பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முன்பாகவே வாசித்தாலும் நல்லது. பரீட்சை முடிந்து ஏப்ரல் விடுமுறை. சுவாமிக்கு வெளியே போய் ஆட வேண்டும். அப்பா பிடித்து உட்காரவைத்துக் கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் பத்து மாம்பழம், கிருஷ்ணனுக்கு வேண்டியது கொஞ்சம், விலை என்ன. சுவாமிக்குக் கணக்கு ஓடவில்லை. மாம்பழங்கள் பழுத்திருந்தனவா என்பதுதான் அவனுடைய சந்தேகம். பழத்தின் நிலை தெரியாமல் விலையை எப்படிச் சொல்வது? அப்பாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகின்றன. நான் சுவாமியின் பக்கம். இலக்கியம் படிக்க வேண்டிய மூளை அதுதான். கணக்கு வாத்தியார் எழுதாமல் விட்டதைக் கேட்கும் மூளை. பரீட்சையில் பிராமணனும் புலியும் கதைக்கு நீதி கேட்கும்போதும் அவன் இதே பாணியில்தான் யோசிக்கிறான்: புலி தங்க வளையல் கொடுத்தால் வாங்கக்கூடாது என்று. தவறா சொல்லுங்கள்?

அதே நாவலில் பையன்கள் கிரிக்கெட் கழகம் தொடங்குகிறார்கள். என்ன பெயர் வைப்பது என்று மண்டையை உடைத்துக் கடைசியில் எம்.சி.சி. என்று வைக்கிறார்கள். மால்குடி கிரிக்கெட் கழகம். லண்டன்காரனிடமும் ஓர் எம்.சி.சி. உண்டு. அசல் எம்.சி.சி.யின் மேடையில் நம் ஊர்க்காரர் ஒருவர் நின்று பேசியதைச் சற்று முன் பார்த்தோம். ஒரு பாடத்திலிருந்து வெளியே போனால் இப்படித்தான் எங்கேயோ சுற்றி இன்னொரு பாடத்தின் வாசலுக்கு வந்துவிடுவீர்கள்.

சாகியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தட்டுமுட்டுச் சாமான் அறை’ கதையில் நிக்கலஸ் என்ற பையன் நெல்லிப்பழத் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்று அத்தை உத்தரவு போடுகிறாள். அவன் போய்விடுவானோ என்று மத்தியானம் முழுக்கத் தோட்ட வாசலிலேயே காவல் நிற்கிறாள். அவனோ தோட்டத்துக்குள் நுழைவது போலப் பாசாங்கு செய்துவிட்டு, திறப்பை எடுத்து வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த பழைய சாமான் அறைக்குள் போய், அங்கே தொங்கும் வேட்டைக் காட்சித் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அத்தை கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுகிறாள். பெற்றோர் பலர் அந்த அத்தையைப் போல வேறு வாசலில் காவல் நிற்கிறோம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சாகிக்கு இந்த அத்தைமார் கற்பனையில் கிடைத்தவர்கள் அல்ல. பர்மாவில் 1870இல் பிறந்து, தாயை இழந்து, இங்கிலாந்தில் கண்டிப்பான அத்தைமாரிடம் வளர்ந்தவர். முதலாம் உலகப்போரில் 1916இல் களத்தில் இறந்தார். இந்தக் கதை 1914இல் வந்த தொகுதி ஒன்றில் இருக்கிறது. அதே தொகுதியில் ‘திறந்த ஜன்னல்’ என்றொரு கதை, நான்கைந்து பக்கந்தான். பொய் சொல்வதில் கெட்டிக்காரியான பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றியது. அதை வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகாத பிள்ளையை நான் கண்டதில்லை.

எல்லா முழு நூலும் எல்லாப் பிள்ளைக்கும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சொனாலி தெரணியகலவின் ‘வேவ்’ நூல், 2004 டிசெம்பர் 26இல் யால கடற்கரையில் கணவரையும், இரண்டு மகன்களையும், பெற்றோரையும் சுனாமிக்குப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதியது. தொகுப்பில் உள்ள பகுதியே கனமானது. முழு நூலைப் பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக, இரவில், கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதை நான் விரும்பமாட்டேன். அம்மாவோ அக்காவோ கூட இருந்து வாசித்தால் நல்லது. ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமன்’ நாவல், காணாமற்போன சுழற்பந்து வீச்சாளர் பிரதீப் மேத்தியூவைத் தேடும் கதை. கிரிக்கெட் பிரியர்களுக்குத் தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சாராயம். உயர்தரத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரங்கல, மடுல்கலை, கலஹா தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று. ஆங்கில இலக்கியம் கொழும்புக்காரரின் பாடம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் சி.வி. வேலுப்பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினரானவர். தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைப் பாடும் அவருடைய ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நெடுங்கவிதை. 1954இல் வந்தது. பின்னால் சக்தீ அ. பால அய்யா அதைத் தமிழில் தந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஆங்கில வகுப்பு கிடையாது. லயத்தையும் மலையையும் கொழுந்துக் கூடையையும் நீங்கள் ஏற்கனவே அறிந்திருப்பதால், சொல் தெரியாத இடத்திலும் பொருள் தெரிந்துவிடும். தமிழில் முதலில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவது பாவம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். செக்கோவை மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களில் வாசித்த தலைமுறை நாங்கள். எங்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கண்டியில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. பஸ் ஏறினால் அதிக நேரமில்லை. பிரதேச சபை நூலகங்களை எட்டிப் பாருங்கள். ஆங்கில அலுமாரிகள் பெரும்பாலும் தூசியோடு உங்களுக்காகக் காத்திருக்கின்றன. சாகி, வைல்ட், மார்க் ட்வைன் மூவரும் இறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டதால் அவர்களுடைய நூல்கள் புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் சட்டப்படியே இலவசம். ஒரு பாட்டுக் காணொளி பார்க்கச் செலவாகும் டேட்டாவில் சாகியின் முழுத் தொகுதியையும் இறக்கிவிடலாம். நாராயணும் ஜீன் அரசநாயகமும் அப்படிக் கிடைக்கமாட்டார்கள். நாராயணைப் பழைய புத்தகக் கடையில் தேடுங்கள், கிடைப்பார்.

எப்படி வாசிப்பது? லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூடி வையுங்கள். தெரியாத சொல் முதல் தடவை வந்தால் தாண்டிப் போங்கள். இரண்டாம் தடவையும் தாண்டுங்கள். மூன்றாம் தடவையும் அதே சொல் வந்து வழி மறித்தால் அப்போது திறங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று சொற்பொருள் எழுதுகிற பிள்ளை இருபதாம் பக்கத்தைத் தாண்டாது. சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். அதற்குத்தான் நோட்ஸ் இருக்கிறதே. பென்சிலை எடுத்து, எழுதியவரோடு எந்த இடத்தில் சண்டை வந்ததோ அந்த இடத்தில் ஒரு கோடு போடட்டும். நூலகப் புத்தகமென்றால் கோடு கொப்பியில். ஐம்பது பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடட்டும். காசு கொடுத்து வாங்கியதை முடிக்காமல் எப்படி வைப்பது என்று கேட்கும் அப்பாமாருக்கு, அந்தக் காசு போனது போனதுதான் என்று பதில்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ஓர் அம்மா என்னிடம் வந்து, இப்படி வாசித்தால் மார்க்ஸ் கூடுமா சேர் என்று கேட்டார். எல்லோர் மனத்திலும் உள்ள கேள்வி அது என்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன். உத்தரவாதம் கிடையாது, அம்மா. ‘பிக் மேச் 1983’ பற்றிய கேள்விக்கு அடுக்கடுக்காக ஒரே நோட்ஸிலிருந்து ஒரே வாக்கியம் எழுதப்பட்ட விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர், நடுவில் ஒரு பிள்ளை சங்கக்காரவின் வீட்டைக் கொண்டுவந்து பொருத்தமாக எழுதியிருப்பதைக் கண்டால் சற்று நிமிர்ந்து உட்காருவார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். நிமிர்ந்ததற்கு எத்தனை புள்ளி போடுவார் என்பது அவருடைய புள்ளித் திட்டத்தைப் பொறுத்தது. முதலாம் தவணை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும், இங்கே இருக்கும் ஆசிரியர்கள் முதல் பாடவேளையில் பிள்ளைகளிடம் கட்டுரை வாங்க வேண்டாம். எதை வாசித்தாய் என்று கேட்காமல், எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கைவிட்டாய், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாமல் போகும். அடுத்த பாடவேளைக்குரிய கணித ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.